காணும் கணினியும் ஆராயும் மாணவனும்

ஒரு பொருள் கண்ணுக்குப் புலப்படுதல் வேறு. அதனை இன்னதென அறிதல் வேறு. ஏட்டிலே எழுதப்பட்ட எழுத்துக் கல்லாதவன் கண்ணுக்கும் தெரிகின்றது. கற்றவன் கண்ணுக்கும் தெரிகின்றது. ஒளி இருவர் விழியிலும் ஒரே வகையாகவே படுகின்றது. ஆயினும், ஒருவன் வெறுங் கோடுகளைக் காண்கின்றான். மற்றவன் பொருளைக் காண்கின்றான். கண் படைத்தவர் அனைவரும் காண்பவர் அல்லர் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை. இந்த வேற்றுமையை உயிரற்ற ஓர் இயந்திரத்துக்குக் கற்பிக்க இயலுமா என்ற வினா, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல்கலைக்கழகங்களிலே பல இளைஞர்களின் உறக்கத்தைக் கெடுத்து வந்திருக்கின்றது.

கணினிக்குப் பார்வை அளிக்கும் கலையைக் கணினிப் பார்வை என்றும், உடலின் உட்பகுதியைப் படமாக்கிக் காட்டும் கலையை மருத்துவப் படவியல் என்றும் இன்று வழங்குகின்றோம். இவ்விரண்டும் கூடுமிடத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்யும் மாணவர் உலகெங்கும் பல்லாயிரவர் உளர். இவர்கள் செய்வது யாது? ஏன் செய்கின்றனர்? அதனாற் பிணியாளனுக்கு வரும் பயன் என்ன, வரக்கூடிய தீங்கு என்ன? இவற்றை வரலாற்று முறையில் ஆராய்வதே நேயர்களே, இப்பேச்சின் நோக்கம். பேசுபவன் மருத்துவனும் அல்லன், பொறியியலாளனும் அல்லன். கலைத்துறையிற் பயின்ற ஓர் ஆசிரியனே. எனினும், கற்றல், கற்பித்தல், பரீட்சித்தல் என்னும் மூன்றும் இவ்வரலாற்றின் நடுநாயகமாக நிற்றலால், ஆசிரியனுக்கும் இதிலே சொல்வதற்குச் சில உண்டு.

வரலாறு ஜேர்மனி நாட்டின் வூர்ஸ்பேர்க் நகரிலே தொடங்குகின்றது. 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி, வில்கெல்ம் றொன்ட்ஜன் என்னும் பௌதிகப் பேராசிரியர், கறுத்த தாளால் மூடப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாயினுள் மின்சாரத்தைச் செலுத்தியபோது, அப்பால் இருந்த இரசாயனம் பூசிய திரையொன்று ஒளிர்வதைக் கண்டார். தாளையும் ஊடுருவிச் செல்லும் அக்கதிரின் தன்மை விளங்காமையால் அதற்கு எக்ஸ் கதிர் எனப் பெயரிட்டார். அவ்வாண்டு திசம்பர் மாதம் 22ஆம் திகதி தம் மனைவியின் கையை அக்கதிரின் முன் வைத்துப் படமெடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதிலே தெரிந்தன. உயிருள்ள மனிதனின் உடலைக் கத்தியாற் கீறாமலே உள்ளே காணும் வழி அன்று பிறந்தது. 1901ஆம் ஆண்டிலே பௌதிகத்துக்கான முதலாவது நொபெல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. உலகுக்கு உரியதை உலகுக்கே விட்டார்.

படம் எடுக்கும் வழி கிடைத்துவிட்டது. ஆனால், படம் தானே பேசுவதில்லை. அதிலுள்ள வெண்மையும் கருமையும் நோயா, நிழலா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வாறு சொல்பவரின் கண் எத்துணை நம்பத்தக்கது? அரை நூற்றாண்டு காலம் இவ்வினாவை எவரும் முறையாக எழுப்பவில்லை. எழுந்ததும் ஒரு தற்செயலாகவே எழுந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், அமெரிக்க நாட்டிலே கசரோகத்தைக் கண்டறிவதற்கு எவ்வகைப் படம் சிறந்தது என அறிய ஒரு சோதனை நடைபெற்றது. ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் மார்பு நான்கு வகையாகப் படமெடுக்கப்பட்டு, அப்படங்கள் அனுபவம் மிக்க ஐந்து வைத்தியரிடம் தனித்தனியே கொடுக்கப்பட்டன. 1947ஆம் ஆண்டிலே முடிவு வெளியாயிற்று. படத்தின் வகைகளுக்கிடையே இருந்த வேற்றுமையினும், பார்த்த வைத்தியர்களுக்கிடையே இருந்த வேற்றுமையே பெரிதாயிருந்தது. அதுமட்டுமன்று; அதே வைத்தியர் அதே படத்தைச் சில காலங் கழித்து மீண்டும் பார்த்தபோது, முன்பு தாம் சொன்னதையே மாற்றிச் சொன்ன இடங்களும் பல. கருவியைச் சோதிக்கப் புகுந்தவர்கள் கண்ணைச் சோதித்து முடித்தார்கள். 1949ஆம் ஆண்டிலே சான் பிரான்சிஸ்கோ நகரத்து வைத்தியர் ஹென்றி கார்லண்ட் இவ்வுண்மையை விரித்தெழுதித் தம் துறையினரைத் திடுக்கிடச் செய்தார்.

இஃது வைத்தியர்களை இழித்துக் கூறும் செய்தி அன்று. தம் குறையைத் தாமே அளந்து, தம் துறையினர் ஏட்டிலேயே வெளியிட்ட பெருமை அவர்களைச் சாரும். இவ்வுண்மை வெளியாகாதிருப்பின், மனிதக் கண்ணுக்கு ஒரு துணைக்கண் வேண்டும் என்ற எண்ணமே எழுந்திராது. குறை கண்ட இடத்திலேயே ஆராய்ச்சி முளைக்கின்றது.

அத்துணைக்கண் கணினியாகலாம் என்ற நினைவு உருப்பெறுவதற்கு முதலிலே படம் எண்ணாக வேண்டியிருந்தது. கணினி எண்களையன்றி வேறொன்றையும் அறியாது. 1957ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டுத் தேசிய அளவை நிலையத்திலே பணியாற்றிய றசல் கேர்ஷ் என்பவர், மூன்று மாதக் குழந்தையாகிய தம் மகனின் ஒளிப்படத்தை ஒரு சுழலும் உருளையிலே சுற்றி, சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் கருமை அல்லது வெண்மை எனக் கணினிக்குள் செலுத்தினார். நீளத்துக்கு 176, அகலத்துக்கு 176 என அமைந்த அக்கட்டங்கள் மொத்தம் 30,976. தந்தை ஒருவர் தம் குழந்தையின் முகத்தை எண்களாக்கிய அந்நாளே, இன்று நாம் காணும் கணினிப் படங்கள் அனைத்துக்கும் தொடக்கநாள் எனலாம்.

ஆனால், படத்தைக் கணினிக்குள் வைத்தல் வேறு. அதனைக் கணினி அறிதல் வேறு. இவ்விடத்திலேதான் முதன்முதலாக ஒரு கலாநிதிப் பட்ட மாணவன் மேடைக்கு வருகின்றான். 1963ஆம் ஆண்டிலே, மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில், லோறன்ஸ் றொபேட்ஸ் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர், திண்மப் பொருள்களைக் கணினி எவ்வாறு உணரலாம் என்பது பற்றி ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். தட்டையான முகங்களையுடைய கட்டைகளின் ஒளிப்படத்தைக் கணினிக்குக் கொடுத்தார். ஒளி சடுதியாக மாறும் இடங்களை அது தேடியது. அவ்விடங்களை இணைத்து விளிம்புகளாக்கியது. விளிம்புகளிலிருந்து கட்டையின் முழுவடிவத்தை ஊகித்தது. ஊகித்தபின், படமெடுக்கப்படாத வேறு பக்கத்திலிருந்து பார்த்தால் அக்கட்டை எவ்வாறு தோன்றும் என்பதையும் வரைந்து காட்டியது. கணினிப் பார்வைத் துறைக்குத் தந்தை எனப் பலரும் இவரைப் போற்றுவதன் காரணம் இதுவே. பின்னாளில் இவர் வேறு பணியிலே புகுந்து, இன்றைய இணையத்துக்கு முன்னோடியான கணினி வலையமைப்பை உருவாக்கிய தலைவர்களுள் ஒருவரானார்.

1963ஆம் ஆண்டு இத்துறைக்கு ஒரு முச்சந்தி போன்றது. அதே ஆண்டிலே குவிலிம் லொட்விக் என்னும் அமெரிக்க வைத்தியர், சுவாசப்பைப் புற்றுநோய்ப் படங்களிலே வைத்தியர் காணும் இயல்புகளை எண்களாகக் குறியீடு செய்து கணினியின் ஆராய்ச்சிக்கு உட்படுத்தும் முறையை எழுதி வெளியிட்டார். அதே ஆண்டிலே, தென்னாபிரிக்காவிலே பிறந்து அமெரிக்காவிலே பணியாற்றிய அலன் கோமக் என்னும் பௌதிகவியலாளர், உடலைப் பல திசைகளினூடாகக் கதிர் செலுத்தி அளந்தால் அதன் குறுக்குவெட்டைக் கணித முறையால் மீட்டெடுக்கலாம் எனக் காட்டினார். ஒருவர் வடிவத்தை அறிய முயன்றார். ஒருவர் நோயின் குறியை எண்ணாக்கினார். ஒருவர் காணாத உட்பகுதியைக் கணக்கினாற் கண்டார். மூவரும் வெவ்வேறிடத்திலே வெவ்வேறு நோக்குடன் தொடங்கிய பாதைகள் பின்னாளில் ஒரே வீதியாயின.

கோமக் கண்ட கணிதத்தைச் செயற்படுத்திக் காட்டும் பேறு இங்கிலாந்தைச் சேர்ந்த கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் என்பவருக்கு வாய்த்தது. கோமக்கின் கட்டுரையை அறியாமலே, இசைத்தட்டு வெளியீட்டுக்குப் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்திலே அவர் தமது கருவியை அமைத்தார். 1971ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 1ஆம் திகதி, இலண்டன் மாநகரைச் சேர்ந்த அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையிலே ஒரு பெண்மணியின் மூளை அக்கருவியாற் படமெடுக்கப்பட்டது. நீளத்துக்கு 80, அகலத்துக்கு 80 கட்டங்களே கொண்ட கரடுமுரடான படம் அது. ஆயினும், அதிலே கட்டியொன்று தெரிந்தது. மண்டையோட்டைத் திறவாமல் மூளையைக் காணும் காலம் வந்துவிட்டது. சீ.ரீ. ஸ்கான் என்று இன்று நாம் வாயார வழங்கும் சோதனை இதுவே. 1979ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நொபெல் பரிசு கோமக், ஹவுன்ஸ்பீல்ட் ஆகிய இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இவ்விருவரில் எவரும் கலாநிதிப் பட்டம் பெற்றவரல்லர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஹவுன்ஸ்பீல்ட் பல்கலைக்கழகப் பட்டமே பெறாதவர். பட்டம் ஆராய்ச்சிக்குத் துணையாகலாம், ஆராய்ச்சிக்கு ஈடாகாது.

இனி, பார்வை என்னும் வேலை எத்துணை அரியது என்பதை அறிஞர்கள் அறிந்த கதையைச் சொல்ல வேண்டும். 1966ஆம் ஆண்டிலே, மேற்சொன்ன தொழினுட்ப நிறுவனத்தில், கணினிக்குப் பார்வை அளிக்கும் பணியின் பெரும்பகுதியை ஒரு கோடை விடுமுறையிலே மாணவர் குழுவொன்றைக் கொண்டு செய்து முடிக்கலாம் என்று திட்டமிட்டார்கள். கோடை கழிந்தது; பத்துக் கோடைகள் கழிந்தன; பார்வை வரவில்லை. மூன்று வயதுக் குழந்தை தன் தாயை வெயிலிலும் நிழலிலும், முகம் காட்டினும் முதுகு காட்டினும் அறிந்துகொள்கின்றது. அதே வேலை கணினிக்கு மலையாயிற்று. கடினமான கணக்குகளை நொடியிலே முடிக்கும் பொறி, குழந்தைக்கு எளிதான ஒன்றிலே தோற்று நின்றது.

வழி காட்டியது ஒரு பூனை. 1958ஆம் ஆண்டளவிலே டேவிட் ஹியூபல், தோர்ஸ்ரன் வீசல் என்னும் இருவர், பூனையின் மூளையிலே பார்வைக்குரிய பகுதியின் கலங்களை ஆராய்ந்து வந்தனர். வட்டப் புள்ளிகளைத் திரையிலே காட்டிய வரையிற் கலங்கள் அசையவில்லை. கண்ணாடித் தகட்டைக் கருவியிலே செருகும்போது அதன் விளிம்பின் நிழல் திரையிலே நகர்ந்தது. உடனே ஒரு கலம் ஆர்ப்பரித்தது. ஒரு குறிப்பிட்ட சாய்விலே அமைந்த விளிம்பை மட்டும் அறியும் கலங்கள் மூளையிலே உள்ளன என்று இவ்வாறு தெரியவந்தது. இவ்வாராய்ச்சிக்காக 1981ஆம் ஆண்டிலே அவர்களும் நொபெல் பரிசிற் பங்கு பெற்றனர்.

அப்பூனையின் மூளையைப் பின்பற்றி ஒரு செயற்கை வலையமைப்பை 1980ஆம் ஆண்டிலே அமைத்துக் காட்டியவர் யப்பானிய அறிஞர் குனிகிக்கோ புக்குஷிமா. முதற் படை விளிம்புகளை அறியும். அடுத்த படை விளிம்புகள் கூடிய மூலைகளை அறியும். அதற்கும் மேற்படை முழு எழுத்தையே அறியும். இவர் பணியாற்றிய இடம் யாது என்று எண்ணுகின்றீர்கள்? யப்பானின் தேசிய ஒலிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே.யின் விஞ்ஞான ஆராய்ச்சிக் கூடமே அது. வானொலி கேட்கும் நேயர்களுக்கு இஃது ஒரு தனி மகிழ்ச்சி தரும் செய்தி. செவிக்கு விருந்தளிக்கும் நிலையம் ஒன்றே கணினிக்குக் கண் திறந்த இடங்களுள் ஒன்றாயிற்று.

விதை நல்லதாயினும் நிலமும் நீரும் வேண்டும். வலையமைப்புக்கு நிலம் கணினியின் வேகம். நீர் படங்களின் தொகை. இவ்விரண்டும் முப்பது ஆண்டுகள் கழித்தே கிடைத்தன. 2009ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டிலே பேய்-பேய் லீ என்னும் பேராசிரியையின் தலைமையில் இலட்சக்கணக்கான ஒளிப்படங்கள் பெயரிடப்பட்டுத் திரட்டப்பட்டன. அத்திரட்டிலிருந்து ஆண்டுதோறும் ஒரு போட்டி நடைபெற்றது. 2012ஆம் ஆண்டிலே, கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக் கலாநிதிப் பட்ட மாணவராகிய அலெக்ஸ் கிறிஷெவ்ஸ்கி, தம் உடன் மாணவர் இலியா சற்ஸ்கேவருடனும் பேராசிரியர் ஜெப்றி ஹின்ரனுடனும் கூடி, பன்னிரண்டு இலட்சம் படங்களைக் கொண்டு ஒரு வலையமைப்பைப் பயிற்றினார். கணினி விளையாட்டுகளுக்கெனச் செய்யப்பட்ட இரண்டு வரைகலை அட்டைகளே அவருடைய ஆயுதம். ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து ஊகங்கள் சொல்லலாம் என்ற விதியின் கீழ், இரண்டாம் இடம் பெற்றவர்கள் நூற்றுக்கு 26.2 பிழை விட்டனர். இவர்களது பிழை 15.3 மட்டுமே. அன்றிலிருந்து துறையே திசை திரும்பியது.

இவ்வலையமைப்பு எவ்வாறு கற்கின்றது? விதிகளை எவரும் அதற்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. படத்தைக் காட்டி, இது யாது என்று கேட்கின்றனர். அது பிழையாகச் சொன்னால், பிழையின் அளவுக்கேற்ப அதனுள்ளிருக்கும் எண்ணற்ற எடைகளைச் சிறிது சிறிது திருத்துகின்றனர். இவ்வாறு பல இலட்சம் முறை. ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்னும் பழமொழியைப் ‘பேரை’ என்னாது ‘வேரை’ என்று திருத்திக் கூறுவாரும் உளர். ஆயிரம் வேர்களைத் தேடிப் பழகியவனே அரை வைத்தியனாவான் என்பது அவர்தம் கருத்து. கணினியும் ஆயிரக்கணக்கான படங்களைக் கண்டே அரை வைத்தியனாகின்றது. எஞ்சிய அரையைப் பற்றியதே இப்பேச்சின் பின்பகுதி.

மருத்துவத்தில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. நாயின் படத்துக்கு நாய் என்று பெயரிட எவராலும் முடியும். ஒரு கலத்தின் எல்லையையோ கட்டியின் விளிம்பையோ குறித்துக் கொடுக்கத் தேர்ந்த வைத்தியர் வேண்டும். அவர் நேரம் அரியது. 2015ஆம் ஆண்டிலே ஜேர்மனி நாட்டின் பிறைபேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் இதற்கு ஒரு வழி கண்டனர். படத்தை முதலிற் படிப்படியாகச் சுருக்கிப் பொருளை அறிந்து, பின்னர் படிப்படியாக விரித்து இடத்தை அறியும் ஒரு வலையமைப்பை அமைத்தனர். அதன் வடிவம் ஆங்கில எழுத்தாகிய ‘யூ’வைப் போன்றமையால் அப்பெயராலேயே வழங்குகின்றது. முப்பதே படங்களைக் கொண்ட ஒரு தொகுதியிலும், அவற்றை இழுத்தும் நெளித்தும் பலவாகப் பெருக்கி, அதனைப் பயிற்றிக் காட்டினர். இன்று கட்டியின் எல்லை வரையும் ஆராய்ச்சி மாணவர் பலரும் இதிலிருந்தே தொடங்குகின்றனர்.

அடுத்த ஆண்டிலே, அதாவது 2016இலே, தமிழருக்கும் தொடர்புடைய ஒரு செய்தி வெளியாயிற்று. நீரிழிவு நோயாளரின் விழித்திரையிலே தோன்றும் கேட்டை ஒளிப்படத்திலிருந்து கண்டறியும் வலையமைப்பொன்றைக் கூகிள் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் அமைத்தனர். அதற்குப் பயிற்சியளித்த 1,28,175 படங்கள் அமெரிக்காவிலிருந்தும் இந்தியாவின் மூன்று கண் வைத்தியசாலைகளிலிருந்தும் பெறப்பட்டவை. அவற்றுள் அரவிந்த் கண் வைத்தியசாலையும் சென்னைச் சங்கர நேத்திராலயாவும் அடங்கும். 54 கண் வைத்தியர்கள் அப்படங்களைத் தரம் பிரித்தனர். தமிழ்நாட்டு வைத்தியசாலைகளிலே வரிசையில் நின்ற நோயாளரின் விழிகளும் கணினிக்கு ஆசான்களாயின. நீரிழிவினாற் பார்வை இழப்பவர் பலர், உரிய காலத்திலே அறிந்திருப்பின் காப்பாற்றப்படக் கூடியவர் என்பதை எண்ணுங்கால், இம்முயற்சியின் பெருமை விளங்கும்.

இதுவரை சொன்னது வெற்றியின் வரலாறு. ஆனால், நேயர்களே, பிணியாளனின் உயிரோடு தொடர்புடைய கருவியை வெற்றியின் வரலாற்றைக் கொண்டு மட்டும் மதித்தல் ஆகாது.

1998ஆம் ஆண்டிலே, மார்பகப் படங்களிலே ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டிக்காட்டும் கணினிக் கருவியொன்றுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. கருவி விரைவிலே பரவியது. 2007ஆம் ஆண்டிலே, 43 நிலையங்களில் எடுக்கப்பட்ட 4,29,345 படங்களை ஆராய்ந்த முடிவு வெளியாயிற்று. கருவியைக் கைக்கொண்டபின், நோயற்றவரை நோயற்றவர் எனச் சரியாகச் சொல்லும் விகிதம் நூற்றுக்கு 90.2இலிருந்து 87.2ஆகக் குறைந்தது. தசையைக் கிள்ளிச் சோதிக்கும் சிகிச்சைகள் நூற்றுக்கு 19.7 கூடின. புற்றுநோயைக் கண்டறியும் விகிதமோ குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. நூற்றுக்கு மூன்று என்பது தாளிலே சிறிய எண். ஆனால், நோயில்லாத ஒரு தாய் தனக்குப் புற்றுநோயோ என்று எண்ணி எத்தனை இரவுகள் விழித்திருப்பாள்! அவ்விரவுகளை எந்த அட்டவணையும் காட்டுவதில்லை.

புதிய வலையமைப்புகளும் இவ்விடரிலிருந்து தப்பவில்லை. 2018ஆம் ஆண்டிலே, மார்புப் படங்களிலிருந்து நியுமோனியாவைக் கண்டறியும் ஒரு வலையமைப்பை ஆராய்ந்தவர்கள் வியப்பான ஒன்றைக் கண்டனர். பயிற்சி பெற்ற வைத்தியசாலைகளின் படங்களிலே அது திறமையாக விடையளித்தது; புதிய வைத்தியசாலையின் படங்களிலே பெரும்பாலும் அத்திறமை குறைந்தது. காரணம் யாதெனத் துருவினர். படம் எந்த வைத்தியசாலையிலே எடுக்கப்பட்டது என்பதை வலையமைப்பினால் ஏறத்தாழத் தவறாமலே அறிய முடிந்தது. படத்தின் மூலையிலே வைக்கப்படும் உலோகக் குறியும் அதற்கு உதவியது. ஒரு வைத்தியசாலையிலே நியுமோனியா மிகுதி, மற்றொன்றிலே குறைவு. ஆகவே, சுவாசப்பையை நோக்காமல் வைத்தியசாலையை நோக்கியே அது விடையை ஊகிக்கக் கூடியதாயிற்று!

இவ்விடத்திலேதான் ஆசிரியனுக்கு இவ்வரலாறு மிகவும் பழக்கமான ஒன்றாகின்றது. பாடத்தை விளங்காமல், கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களை மட்டும் மனனம் செய்யும் மாணவனை அறியாத ஆசிரியர் உளரோ? எதிர்பார்த்த வினா வந்தால் அவன் நூற்றுக்குத் தொண்ணூறு பெறுவான். அதே வினாவைச் சிறிது மாற்றிக் கேட்டால் திகைத்து நிற்பான். அவனிடம் குற்றமில்லை, அவனுக்கு வைத்த பரீட்சையிலேயே குற்றம். விளங்கியவனையும் மனனம் செய்தவனையும் பிரித்துக் காட்டாத பரீட்சை, பரீட்சையாகாது. கணினிக்கும் அவ்வாறே. தான் கற்ற வைத்தியசாலையின் படங்களையே கொண்டு அதனைச் சோதித்தல், வகுப்பிலே செய்த கணக்கையே தவணைப் பரீட்சையிலும் கொடுத்தல் போன்றது.

இவ்வெச்சரிக்கையைப் பொருட்படுத்தாமையின் விளைவைக் கொவிட் பெருந்தொற்றுக் காலத்திலே உலகம் கண்டது. 2020ஆம் ஆண்டிலே, மார்புப் படத்திலிருந்து அந்நோயை அறியும் கணினி முறைகள் எனப் பெருந்தொகைக் கட்டுரைகள் வெளியாயின. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் தலைமையிலே ஒரு குழு அவற்றைச் சலித்து, விரிவான ஆய்வுக்குரியவை என 62 கட்டுரைகளைத் தெரிந்தது. 2021ஆம் ஆண்டிலே அக்குழு வெளியிட்ட முடிவு: அவற்றுள் ஒன்றேனும் வைத்தியசாலையிலே பயன்படுத்தத் தக்கதன்று. அவற்றை எழுதியோர் சோம்பேறிகள் அல்லர். நோயாளிக்கு உதவ வேண்டும் என்ற ஆர்வம் உடையவர்களே. ஆர்வம் அவசரமாயிற்று, அவசரம் சோதனையை விழுங்கிற்று.

ஆராய்ச்சிக் கூடத்துக்கும் கிராமத்து வைத்தியசாலைக்கும் இடையேயுள்ள தொலைவையும் கருத வேண்டும். மேற்கூறிய விழித்திரைச் சோதனைமுறை தாய்லாந்து நாட்டின் 11 சிகிச்சை நிலையங்களிலே பயன்படுத்தப்பட்டபோது, எடுக்கப்பட்ட 1,838 படங்களில் நூற்றுக்கு 21 போதிய தெளிவில்லை என்று கணினி தள்ளிவிட்டது. அறையிலே போதிய இருள் இல்லை; தாதியருக்கு நேரம் இல்லை. படம் தள்ளப்பட்ட நோயாளிக்கு, வேறொரு நாள் தொலைவிலுள்ள நிபுணரிடம் செல்லுமாறு சொல்லப்பட்டது. ஒருநாட் கூலியை இழந்தாலன்றி அங்கே செல்ல முடியாத ஏழைக்கு, இந்த அறிவுரை எவ்வளவு பாரமானது! 2020ஆம் ஆண்டிலே இவற்றை எழுதி வெளியிட்டவர்கள் அக்கருவியைச் செய்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே என்பது பாராட்டுக்குரியது.

இனி, நம்பிக்கை தரும் ஒன்றையும் சொல்லுதல் நீதி. சுவீடன் நாட்டிலே மார்பகப் படங்கள் ஒவ்வொன்றையும் இரண்டு வைத்தியர் தனித்தனியே பார்ப்பது வழக்கம். அங்கே எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் குலுக்கல் முறையால் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினரின் படங்களை வழக்கம்போல இருவர் பார்த்தனர். மற்றப் பிரிவினரின் படங்களைக் கணினி முதலில் நோக்கி, ஐயம் குறைந்தவற்றை ஒருவரிடமும் மிகுந்தவற்றை இருவரிடமும் அனுப்பியது. 2023ஆம் ஆண்டிலே முதல் முடிவு வெளிவந்தது. புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் குறையவில்லை, ஆயிரத்துக்கு 5.1 என்பதற்கு 6.1 ஆக இருந்தது. படம் வாசிக்கும் வேலையோ நூற்றுக்கு 44 குறைந்தது. இங்கே கணினி வைத்தியரை வெளியேற்றவில்லை. அவர் கண் எங்கே கூடுதலாகத் தேவையோ அங்கே அதனைத் திருப்பியது.

2016ஆம் ஆண்டிலே பேராசிரியர் ஹின்ரன், படம் வாசிக்கும் வைத்தியர்களைப் பயிற்றுவதை நிறுத்திவிடலாம், ஐந்தாண்டுகளிலே கணினி அவர்களை விஞ்சிவிடும் என்ற கருத்தை வெளியிட்டார். ஐந்தாண்டுகள் கடந்துவிட்டன, அவ்வைத்தியர்கள் தம் பணியிலேயே உள்ளனர், அவர்கள் போதவில்லை என்ற குரலே பல நாடுகளில் எழுகின்றது. 2024ஆம் ஆண்டிலே பௌதிகத்துக்கான நொபெல் பரிசிற் பங்கு பெற்ற பேரறிஞரின் ஆரூடமே இவ்வாறாயின், ஏனையோர் எதிர்காலத்தைப் பற்றி அடக்கமாகப் பேசுதல் நலம்.

அங்ஙனமாயின், இன்று இத்துறையிலே கலாநிதிப் பட்டத்துக்கு உழைக்கும் மாணவனின் கடமை யாது? நூற்றுக்குத் தொண்ணூறு என்பதைத் தொண்ணூற்றொன்றாக்குதல் மட்டுமோ? அதுவும் ஒரு பணியே. ஆயினும், அதனினும் பெரிய பணி மூன்று உள. கணினி எதைக் கண்டு விடையளித்தது என்று துருவிக் கேட்டல் ஒன்று. தான் பயிற்றிய இடத்துக்குப் புறம்பான மக்களின் படங்களிலே அதனைச் சோதித்தல் மற்றொன்று. முடிவு தனக்கு எதிராயினும் மறையாது வெளியிடல் மூன்றாவது. 1947ஆம் ஆண்டிலே தம் கண்ணின் பிழையைத் தாமே அளந்து உலகுக்கு உரைத்த வைத்தியர்கள் காட்டிய வழி இதுவே. அவர்கள் மனிதக் கண்ணுக்கு வைத்த பரீட்சையை, இவர்கள் இயந்திரக் கண்ணுக்கு வைக்க வேண்டும்.

சிறிய நாடுகளுக்கு இவ்விடயத்திலே தனிப் பொறுப்பு உண்டு. நிபுணர் குறைந்த இடத்திலேயே துணைக்கண்ணின் தேவை மிகுதி. ஆனால், நம் உடலைக் கண்டறியாத கணினி, பிறர் உடலைக் கண்டு கற்ற பாடத்தையே நம்மீதும் ஒப்புவிக்கும். ஆகவே, கருவியை விலைக்கு வாங்குதல் போதாது. அதனைச் சோதிக்கத் தெரிந்த பிள்ளைகளை வளர்த்தல் வேண்டும். அதற்குக் கணிதம் வேண்டும், உயிரியல் வேண்டும். யாவற்றினும் மேலாக, சொன்னதை அப்படியே நம்பாது ‘எவ்வாறு அறிந்தாய்?’ என்று கேட்கும் பழக்கம் வேண்டும். அக்கேள்வியை வகுப்பறையிலே கேட்கும் மாணவனைச் சில வேளை நாம் அதிகப்பிரசங்கி என்று அடக்கிவிடுகின்றோம். நாளை ஒரு நோயாளியின் உயிர் அக்கேள்வியிலே தங்கியிருக்கலாம். அவனைக் கேட்க விடுங்கள்.